அழைப்பும் சாட்சியும்

கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, கைக்குழந்தையாய் இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் சென்று வளர்ந்த ஒருவனை நோக்கி, "நீ கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறாயா?" என்று வினவுவது முதற் பார்வையில் வேடிக்கையாகவே தோன்றும். 1975 ஆம் ஆண்டு பேராதனை வளாகத்தில் அவ்வினா என்முன் வைக்கப்பட்டபோது நானும் உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். அச்சிரிப்பு மூன்று கிழமைகளே நிலைத்தது. அக்கிழமைகளில் நிகழ்ந்தவற்றை எழுத்தில் வைக்கவேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். தமிழ்ச் சங்கத்தார் இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டியது அதற்கு வாய்ப்பாயிற்று.

இதனைச் சமயப் பிரசாரமாகக் கருதவேண்டாம் என்று வாசகரை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இம்மலரைப் படிப்போரிற் பெரும்பாலோர் வேறு சமயத்தவர் என்பதை அறிவேன். எச்சமயமும் வேண்டாம் என்போரும் அவர்களுள் உளர். ஆயினும் பிறப்பினாற் கிடைத்ததை நாமே தேர்ந்துகொண்டதாக எண்ணி வாழும் நிலை எல்லோருக்கும் பொதுவானது. நான் கூறப்போவது அந்நிலையிலிருந்து ஒருவன் விழித்த கதை மாத்திரமே.

எங்கள் ஊர் வலிகாமத்தில், சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ளது. செம்மண் பூமி. ஊரவர் எங்கள் குடும்பத்தை 'வேதக்காரர்' என்று அழைப்பர். என் பூட்டனார் அமெரிக்க மிசன் பாடசாலையிற் படித்து, வாலிபப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தமையனார் சைவராகவே வாழ்ந்தார். தந்தையின் காணி இருவருக்கும் இரண்டாகப் பிரிந்தது. நடுவே கிளுவங்கதியால் வேலி எழுந்தது. கிணற்றைப் பிரிக்க இயலாமையால் அது பொதுவாயிற்று. 'பங்குக் கிணறும் வழி வாய்க்காலும்' என்று உறுதியில் எழுதப்பட்டது. வேலியின் நடுவே ஒரு பொட்டு இருந்தது. அதனூடாக மூன்று தலைமுறைப் பெண்கள் தண்ணீர் அள்ளவும், கறி மாற்றிக்கொள்ளவும், பிள்ளைப்பேற்றுக்கு உதவவும் வந்துபோயினர். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து பொங்கல் வரும். நத்தாருக்கு இங்கிருந்து பலகாரம் போகும்.

பூட்டனார் என்ன எண்ணத்தோடு வேதத்திற் சேர்ந்தார் என்பது குறித்து ஊரில் இரு கதைகள் வழங்கின. உண்மையை உணர்ந்து சேர்ந்தார் என்றனர் எங்கள் வீட்டார். உத்தியோகத்தை எண்ணிச் சேர்ந்தார் என்றனர் வேலிக்கு அப்பாலுள்ளோர். யாழ்ப்பாணத்து வரலாற்றை அறிந்தோர் இவ்விரண்டாம் கதையை எளிதில் ஒதுக்கிவிடமாட்டார்கள். 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அரச பதவிக்கும், திருமணப் பதிவுக்கும், முதுசொம் உரிமைக்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. கோவிற்பற்றுப் பதிவேடுகள் ஆயிரக்கணக்கான பெயர்களால் நிரம்பின. ஆங்கிலேயர் வருகையோடு அக்கட்டாயம் நீங்கவே, அப்பெயர்களுக்குரியோரிற் பெரும்பாலோர் அதுவரை வீட்டினுள்ளே மறைவாக வழிபட்ட தெய்வங்களை வெளிப்படையாக வழிபடலாயினர். 1816 ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து குடியேறியபோது, பழைய தேவாலயங்கள் சிதைந்து கிடந்தன. 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் தொடங்கிய செமினறி 1855 இல் மூடப்பட்டது. அங்கு பயின்றோருட் பலர் உத்தியோகம் கருதியே சபையிற் சேர்ந்தனர் என்ற குறை அக்காலத்திலேயே பேசப்பட்டது. பதிவேட்டிற் பெயர் இருப்பதும் நெஞ்சில் நம்பிக்கை இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு எங்கள் மண்ணைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. பின்னாளில் இவற்றை நூல்களிற் படித்தபோது, அவை என்னைப் பற்றியே எழுதப்பட்டவைபோல் இருந்தன.

1966 ஆம் ஆண்டு ஆடி மாதம் அப்பொட்டு அடைக்கப்பட்டது. அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. துலா மிதித்து இறைக்கும் காலம் போய், நீர் இறைக்கும் இயந்திரம் எங்கள் பகுதிக்கு வந்துவிட்டது. எங்கள் முறை விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும். தந்தையார் கிணற்றடியில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். வாய்க்காலின் மறுமுனையில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவது என் வேலை. அன்று நான் மண்வெட்டியைத் தலைக்கு வைத்து வரம்பிலேயே உறங்கிவிட்டேன். விழித்தபோது எங்கள் வெங்காயப் பாத்திகள் காய்ந்து கிடந்தன. வேலிக்கு அப்பால், பெரியப்பாவின் பாத்திகளில் தண்ணீர் தளும்பி நின்றது. தந்தையார் வந்து, யார் திருப்பியது என்று கேட்டார். உறங்கியதைச் சொன்னால் அடி விழும். "பெரியப்பா மண்வெட்டியோட வந்து திருப்பினவர். நான் கண்டனான்" என்றேன்.

அன்று காலை இருவரும் பேசிய பேச்சுக்களை இங்கு எழுத விரும்பவில்லை. சோற்றுக்காக வேதத்துக்குப் போன பரம்பரை என்று அவர் சொன்னார். அதற்குச் சற்றும் குறையாத ஒன்றை என் தந்தையார் சொன்னார். நான் கண்டதாகச் சொன்னதை எங்கள் வீட்டார் ஆதாரமாகக் காட்டினர். பொய்ச்சாட்சி சொல்லப் பிள்ளையைப் பழக்குகிறார்கள் என்று அவர்கள் ஊரெங்கும் கூறினர். மாலையே பொட்டு கதியாலிட்டு அடைக்கப்பட்டது. கிணற்றுக்கு இறைப்பு நாட்கள் எழுத்திலே பிரிக்கப்பட்டன. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஒரே கிணற்றில் நீர் அள்ளிய இரு குடும்பங்கள் முகம்பார்த்துப் பேசவில்லை.

அவ்வொன்பது ஆண்டுகளின் நடுவே, 1970 இல், எனக்குத் திடப்படுத்தல் நடைபெற்றது. எங்கள் சபை ஒழுங்கின்படி, குழந்தைப் பருவத்திற் பெற்றோர் தனக்காக அளித்த வாக்குறுதியை ஒருவன் தன் வாயால் ஏற்றுக்கொள்வதே அச்சடங்கு. விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்திருந்தோம். அது தன்மை ஒருமையில் அமைந்தது என்பதைத் தமிழ் இலக்கணம் படித்த எவரும் எளிதிற் காண்பர். 'நாங்கள்' என்று அது தொடங்குவதில்லை. நானோ எட்டுப் பிள்ளைகளோடு ஒரே குரலில் அதனைச் சொன்னேன். குரல்கள் ஒன்றாக எழுந்தமையால், என் குரலில் ஒன்றுமில்லை என்பதை எவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. தந்தையார் அப்போது சபையின் மூப்பருள் ஒருவர். அன்று அவர் அடைந்த மகிழ்ச்சி இன்றும் கண்முன் நிற்கிறது.

1974 இல் பேராதனைக்கு வந்தேன். என் அறையில் உடனிருந்தவர் சைவ நண்பர் ஒருவர். காலையில் நீராடித் திருநீறணிந்து, ஒரு பதிகமாவது ஓதாமல் அவர் விரிவுரைக்குச் செல்லார். நான் என் வேதாகமத்தைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். அடுத்த ஆண்டு லெந்து நாட்களில் கிறிஸ்தவ மாணவர் கூட்டமொன்றுக்குச் சென்றபோது, பேச்சாளர் நல்ல தமிழில் உரையாற்றுபவர் என்று கேள்வியுற்று நண்பரும் உடன் வந்தார். உரையின் முடிவில் பேச்சாளர் எல்லோரையும் தலைகுனியச் செய்து, கிறிஸ்துவின் அழைப்புக்கு இணங்குவோர் கையை உயர்த்தலாம் என்றார். சிலர் உயர்த்தினர். நாங்கள் இருவரும் உயர்த்தவில்லை.

மகாவலியின் கரையோரமாக விடுதிக்குத் திரும்புகையில் நண்பர் கேட்டார்:

"மச்சான், நீ ஏன் கை தூக்கேல்லை?"

"நான் ஏற்கெனவே கிறிஸ்தவன்தானே."

"அது உங்கட பூட்டன்ர கதை. நான் உன்னைப் பற்றிக் கேட்டனான்."

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. தாம் ஏன் கையுயர்த்தவில்லை என்பதையும் அதன்பின் கூறினார். பேச்சாளரின் உரை அவர் மனத்தைத் தொட்டது. ஆயினும் தாம் ஒவ்வொரு நாளும் கண்ணீரோடு அழைக்கும் தெய்வத்தை விட்டு விலகத் தம் உள்ளத்தில் ஒரு காரணமும் இல்லை என்றும், இல்லாததை உண்டென்று கைகாட்டுவது அப்பேச்சாளருக்கும் அவர் வணங்கும் கிறிஸ்துவுக்கும் செய்யும் அவமரியாதை என்றும் சொன்னார். இல்லை என்று சொன்ன அவருடைய விடையில் ஓர் ஆள் இருந்தான். ஆம் என்று எப்போதோ சொல்லிவைத்த என் விடையில் ஆள் இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த நாட்களிற் பெட்டியின் அடியிலிருந்த நூலை வெளியே எடுத்தேன். சுவிசேஷங்களில் அழைப்பைப் பெற்றோர் எவ்வெவ்வாறு மறுமொழி கூறினர் என்பதை மாத்திரம் தேடிப் படித்தேன். வலைகளை விட்டு உடனே எழுந்து சென்ற மீனவரைக் கண்டேன். இரவில் மறைந்து வந்து கேள்வி கேட்டுச் சென்ற நிக்கொதேமு, சிலுவை மரணத்தின்பின் பகிரங்கமாக வாசனைத் திரவியங்களுடன் வந்ததைக் கண்டேன். உடைமைகளை விட இயலாது துயரத்தோடு திரும்பிச் சென்ற செல்வனைக் கண்டேன். அவனை இயேசு பின்தொடர்ந்து சென்று வற்புறுத்தவில்லை. அவன் மறுமொழி கூறுமுன்பே அவனிடத்தில் அன்புகொண்டார் என்று மாற்கு எழுதியிருப்பது அப்போதுதான் என் கண்ணிற் பட்டது.

ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது மத்தேயு கூறும் இரு புதல்வரின் உவமையே. தோட்டத்தில் வேலை செய்யத் தந்தை அழைக்கிறார். மூத்தவன் மறுத்துவிட்டுப் பின் மனம் வருந்திச் செல்கிறான். மற்றவன் மிகுந்த மரியாதையோடு இசைந்துவிட்டுச் செல்லாது நிற்கிறான். தோட்டம் என்ற சொல்லைப் படித்ததும் வெங்காயப் பாத்திகள் நினைவுக்கு வந்தன. இசைந்துவிட்டுச் செல்லாத புதல்வன் யார் என்று எவரும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. பலிபீடத்தருகே நிற்கையிற் சகோதரனுக்கு உன்மேற் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்ற போதனையும் அதே சுவிசேஷத்தில் இருந்தது. அதனை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது ஒரு முகவரியோடு எழுதப்பட்ட கடிதம் என்பதை அன்றுதான் கண்டேன்.

இங்கு ஒன்றைக் கூறவேண்டும். நான் அஞ்சியது பெரியப்பாவுக்கு அல்ல. உண்மையைச் சொன்னால் என் தந்தையார் ஒன்பது ஆண்டுகள் ஒரு பொய்யின்மேல் நின்றவர் ஆகிவிடுவார். சபையின் மூப்பர், ஊரில் மதிப்புடையவர். அவருடைய மானத்தை அவர் மகனே குலைப்பதா? எவருக்கும் தெரியாத ஒரு சிறு பொய்யை ஏன் கிளறவேண்டும்? இவ்வாறு பல நாட்கள் எனக்குள் வழக்காடினேன். விசுவாசம் என்பது எனக்கும் இறைவனுக்கும் இடையிலான தனிப்பட்ட விடயம் என்று கூடச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அச்சமாதானம் நிற்கவில்லை. தனிப்பட்ட முறையில் விடை கேட்கப்படுகிறது என்றால், கேட்கப்படுவது என் உள்ளத்து உணர்ச்சி மாத்திரமன்று; என் பெயரால் நடந்த யாவும் அதில் அடங்கும்.

அவ்வாண்டு உயிர்த்தெழுந்த ஞாயிறு மார்ச் 30 ஆம் திகதி வந்தது. விடுமுறைக்குப் பொல்காவலையில் வண்டி மாறி இரவுத் தபால் வண்டியிற் புறப்பட்டு, சனிக்கிழமை காலை சுன்னாகத்தில் இறங்கினேன். வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, பொட்டு இல்லாமையால் ஒழுங்கையைச் சுற்றிச் சென்று பெரியப்பாவின் படலையைத் திறந்தேன். அவர் விறாந்தையில் அமர்ந்து புகையிலை சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது.

"என்ன தம்பி, கொப்பர் அனுப்பினவரோ?"

"இல்லைப் பெரியப்பா. அவருக்குத் தெரியாது." நின்றபடியே சொன்னேன். "அண்டைக்கு நான் உங்களைக் காணேல்லை. நித்திரையாப் போனன். அடிக்குப் பயந்து பொய் சொன்னனான்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நீ காணேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "நீ வரம்பிலை படுத்திருந்தாய். நான் உன்னைக் கடந்துதான் போனனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். "தண்ணியைத் திருப்பினது நான்தான் தம்பி. என்ர பாத்தி வாடிப்போய்க் கிடந்தது. நீ பொய் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு. பொய்ச்சாட்சி, பொய்ச்சாட்சி எண்டு சொல்லிச் சொல்லி, என்ர களவை நானே மறந்திட்டன்."

அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பெரியம்மா உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்தார். ஒன்பது ஆண்டுகளின்பின் அவ்வீட்டிற் குடித்த அத்தேநீரின் சூடு நாவில் இன்னும் இருக்கிறது.

நான் சொன்னது நடந்ததுதான். ஆயினும் நான் சொன்னது பொய்தான். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாய் இருத்தல் கூடும் என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. நிகழ்ந்ததையே சொன்னாலும், காணாதவன் அதைக் கண்டேன் என்று சொன்னால் அவன் பொய்ச்சாட்சியே. விசுவாசப் பிரமாணத்தை நான் சொன்ன விதமும் அதுவே. அதிலுள்ளவை உண்மையல்ல என்று நான் கருதவில்லை. அவற்றை நான் காணவில்லை, கண்டவன்போலச் சொன்னேன். வரம்பில் உறங்கியவன் வாய்க்காலுக்குச் சாட்சி சொன்னதுபோல, பூட்டனார் கண்டதற்கு நான் சாட்சி சொல்லிவந்தேன்.

கண்டதையே சொல்லவேண்டும் என்ற இந்த அளவுகோலை வைத்து நோக்கும்போது, எங்கள் வரலாற்றிற் பெரியோர் சிலர் எனக்குப் புதிய முறையில் விளங்கினர். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அழைப்பைச் சொல் சொல்லாக அறிந்தும், தம் நெஞ்சறியச் சைவராக நின்று 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை நிறுவினார். சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவராய் வளர்ந்து, வட்டுக்கோட்டையிற் பயின்று, பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858 இல் ஞானஸ்நானம் பெற்று, கம்பனிடம் கற்ற தமிழை இரட்சணிய யாத்திரிகத்தில் கிறிஸ்துவுக்குப் படைத்தார். மூவரின் விடைகளும் வெவ்வேறானவை. மூவரும் தாமே விடை கூறினர். பிறர் விடையை இரவல் வாங்கவில்லை. அவர்களுள் எவர் சென்ற வழி சரியானது என்பதில் எனக்கென்று ஒரு துணிபு உண்டு. ஆனால் இரவல் விடையோடு வாழ்ந்தவன் அம்மூவரில் எவரையும் குறைகூறும் தகுதியுடையவனல்லன்.

அன்றிரவு தந்தையாரிடம் என் பொய்யைச் சொன்னேன். பெரியப்பா என்னிடம் சொன்னதைச் சொல்லவில்லை. அது அவர் சொல்லவேண்டியது. தந்தையார் என்னை ஏசவில்லை. விளக்கைத் தணித்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றார். நான் அறையிற் சென்று முழந்தாளிட்டேன். மனப்பாடமான மன்றாட்டு எதுவும் வாயில் வரவில்லை. என்னை அழைத்தவர் என் பொய்யை முன்னமே அறிந்து, அறிந்தும் அழைத்தார் என்பது ஒன்றே எனக்குத் தெளிவாய் இருந்தது. அது நான் கண்டது. அதனை என் சொந்த வார்த்தைகளில், தன்மை ஒருமையிற் சொன்னேன். ஒளியெதுவும் தோன்றவில்லை. ஐயங்கள் யாவும் தீர்ந்துவிடவுமில்லை. அவற்றுட் சில இன்றும் என்னோடு உள்ளன. ஆயினும் அழைக்கப்பட்டவன் நான் என்பதிலும், மறுமொழி சொன்னவன் நான் என்பதிலும் அன்றுமுதல் எனக்கு ஐயம் இருந்ததில்லை.

மறுநாள் ஆராதனையில் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது, தந்தையார் எழவில்லை. மூப்பர் ஒருவர் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று ஆசனத்திலேயே இருந்ததைச் சபை முழுவதும் கண்டது. அவருடைய மானத்தைக் காக்கவேண்டும் என்று அஞ்சிய எனக்கு, தம் மானத்தை அவர் எவ்வளவு எளிதாக விட்டார் என்பது வியப்பாயிருந்தது. மாலையிற் படலையடியில் ஒருவர் தொண்டையைச் செருமும் ஒலி கேட்டது. பெரியப்பா வந்திருந்தார். இருவரும் விறாந்தையில் அமர்ந்து முதலில் வெங்காய விலையைப் பேசினர். அதன்பின் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்க முயலவுமில்லை. அடுத்த நாட் காலை நான் எழுந்தபோது, வேலியில் இரண்டு கதியால்கள் பிடுங்கப்பட்டுப் பொட்டு திறந்திருந்தது. எக்கரையிலிருந்து பிடுங்கினர் என்று நான் வினவவில்லை.

பேராதனைக்குத் திரும்பி நண்பரிடம் யாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இனி உன்னைக் கிறிஸ்தவன் எண்டு சொல்லலாம்" என்றார். எனக்குக் கிடைத்த திடப்படுத்தல் அதுவே என்று பின்னர் பலமுறை எண்ணியதுண்டு. அவர் சிவதீட்சை பெற்ற சைவராகவே இன்றும் வாழ்கிறார். எங்கள் நட்புக்கு அதனால் ஊறு நேர்ந்ததில்லை. என் நம்பிக்கையை அவரிடம் மறைத்ததுமில்லை. அவர் மறுமொழியை அவசரப்படுத்தியதுமில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, எங்கள் இரு குடும்பங்களும் ஒன்றாகவே தென்மராட்சிக்கு நடந்தன. ஒரே அறையில் மாதக்கணக்கில் தங்கின. பொட்டு அடைபட்டிருந்த ஒன்பது ஆண்டுகளில் அவ்விடம்பெயர்வு நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். தந்தையாரும் பெரியப்பாவும் இன்று இல்லை. கிளுவை வேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலைக் கட்டிய பிள்ளைகள், பொட்டு இருந்த இடத்தில் ஒரு சிறு வாயில் விட்டே கட்டினார்கள்.

கூட்டங்களுக்குச் சென்று அழைப்பைக் கேட்கும் மாணவர் சிலர், தாம் என்ன செய்யவேண்டும் என்று சில வேளைகளில் என்னிடம் வந்து வினவுவதுண்டு. கை உயர்த்து என்றோ, உயர்த்தாதே என்றோ நான் அவர்களுக்குச் சொல்வதில்லை. நீ கண்டது எது என்று கேட்பேன். பின்னர், நீ போகவேண்டிய வீடு ஏதேனும் உண்டா என்றும் கேட்பேன்.